ஜடேஜாவை அனுப்பியது சரியா? ஒரு கணக்கு வாத்தியாரின் கணக்கு



நாலு நாளாக எல்லா குரூப்பிலும் ஒரே கேள்வி. "சார், ஏலத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" ஏலம் முடிந்த ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதி, படித்துப் பார்த்து, அழித்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது விடைத்தாள் திருத்தக் கூடாது என்பது முப்பத்து மூன்று வருஷம் நான் வைத்திருந்த பழக்கம். அதனால் ஆறப் போட்டு இன்று எழுதுகிறேன். பதிவு நீளம். படிக்காமல் லைக் மட்டும் போடுகிறவர்களை நான் கண்டுபிடித்துவிடுவேன், வீட்டுப் பாடத்தில் கண்டுபிடித்த மாதிரியே.

டிசம்பர் 16, மார்கழி முதல் தேதி. காலையில் வரதராஜப் பெருமாள் கோயில் போய்விட்டு வந்து, பொங்கல் சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தேன். மதியம் இரண்டரைக்கு அபுதாபியில் ஏலம் ஆரம்பம். டிவி முன்னால் நானும் பேரனும். அவன் மஞ்சள் ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தான். முதுகில் 8-ஆம் நம்பர். அது யாருடைய நம்பர் என்று உங்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அந்த ஜெர்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

நவம்பர் 15-ஆம் தேதி காலை செய்தி வந்தது. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. அன்றைக்கு இவன் பள்ளிக்கூட நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து, "தாத்தா, இனிமே இந்த ஜெர்சியைப் போடலாமா, கூடாதா?" என்று கேட்டான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "பாட்டியைக் கேளு" என்றேன். பாட்டி, "துணி நல்லாத்தானே இருக்கு, போட்டுக்கோ" என்று முடித்துவிட்டாள். எனக்கு முடியவில்லை.

முதலில் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். நான் கணக்கு வாத்தியார், அதைத்தானே செய்ய வேண்டும்.

2025-ல் நம் அணி பத்தாவது இடம். 14 ஆட்டத்தில் 4 வெற்றி. 2008-லிருந்து இப்படிக் கடைசியில் நின்றதே இல்லை. சேப்பாக்கத்தில் பெங்களூரு 2008-க்குப் பிறகு முதல் தடவையாக ஜெயித்தது. டெல்லி 2010-க்குப் பிறகு ஜெயித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் ஆடி 103 ரன். அதை அவர்கள் பத்தரை ஓவருக்குள் முடித்துவிட்டுப் போனார்கள். ருதுராஜ் முழங்கை முறிந்து பாதியில் போனார். இவ்வளவுக்குப் பிறகும் "எதையும் மாற்றக் கூடாது" என்று ஒருவர் சொன்னால் அவர் ரசிகர் இல்லை, கோயில் அர்ச்சகர். மாற்றம் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜடேஜாவுக்கு இந்த டிசம்பர் 6-ஆம் தேதியோடு 37 வயது. சஞ்சுவுக்கு 31. ஒருவர் ஸ்பின் போட்டு ஃபீல்டிங் செய்து ஏழாவதாக இறங்குகிறவர். இன்னொருவர் முதலில் இறங்குவார், கீப்பிங் செய்வார், ராஜஸ்தானுக்குப் பல வருஷம் கேப்டனாகவும் இருந்தவர். நமக்கோ தோனிக்குப் பிறகு யார் கீப்பர் என்ற கேள்வி ஐந்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சஞ்சு அங்கிருந்து கிளம்ப நினைக்கிறார் என்று பல மாதமாகச் செய்தி வந்தது. 18 கோடி சம்பள ஆள் போய் 18 கோடி சம்பள ஆள் வருகிறார். கூடப் போன கரனின் 2.40 கோடி மிச்சம். காகிதத்தில் இது நல்ல வியாபாரம். வந்தவர் திருவனந்தபுரத்துக்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. சேப்பாக்கம் அவரை ஒரே மாதத்தில் தத்தெடுத்துவிடும்.

"துரோகம்" என்று சில பிள்ளைகள் எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தை வேண்டாம். டிரேடு என்றால் வீரரின் சம்மதம் இல்லாமல் நடக்காது. ஜடேஜா ஒப்புக்கொண்டுதான் போயிருக்கிறார். அதுவும் 18 கோடியை 14 கோடியாகக் குறைத்துக்கொண்டு. 2008-ல் ஷேன் வார்னேவின் கையில் பத்தொன்பது வயதுப் பையனாக முதல் கோப்பை ஜெயித்த அணிக்கே திரும்பிப் போகிறார். அவர் பக்கத்தில் அது ஒரு கதை முடிகிற இடமாகக்கூட இருக்கலாம்.

பிறகு எங்கே இடிக்கிறது?

ஏலத்தில் இடித்தது. கையில் 43.40 கோடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு பெயர் வந்தது, பிரசாந்த் வீர். உத்தரப் பிரதேசத்துப் பையன், 20 வயது, இடது கை ஸ்பின், இடது கை பேட்டிங். அடிப்படை விலை 30 லட்சம். கை ஏறிக்கொண்டே போயிற்று. ஐந்து, எட்டு, பத்து. பேரன் எழுந்து நின்றுவிட்டான். 14 கோடியே 20 லட்சத்தில் சுத்தியல் விழுந்தது. மூச்சு விடுவதற்குள் கார்த்திக் சர்மா. ராஜஸ்தான் பையன், 19 வயது, கீப்பர். அவருக்கும் 30 லட்சத்தில் ஆரம்பித்து அதே 14.20 கோடி. இந்திய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத பிள்ளைகளுக்கு இவ்வளவு விலை ஐபிஎல்லில் இதுவரை யாரும் கொடுத்ததில்லை. சமையலறையிலிருந்து என் வீட்டம்மா குரல்: "ரெண்டு பசங்களுக்கு இருபத்தெட்டே முக்கால் கோடியா?" "இருபத்தெட்டு நாற்பது" என்று திருத்தினேன். "ஆமாம், அது ரொம்பக் குறைச்சல்" என்றாள்.

இப்போது இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜெய்ப்பூரில் ஜடேஜாவுக்கு 14 கோடி. அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைக்குச் சென்னையில் 14.20 கோடி. எடுத்தவனைவிட எடுக்கப்போகிறவனுக்கு இருபது லட்சம் கூடுதல்.

அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. அவன் பெரிய ஆட்டக்காரனாக வரலாம், வரட்டும். ஆனால் 2025-ல் மோசமாக ஆடிக்கொண்டிருந்தபோதே இதே நிர்வாகம் ஒரு நல்ல காரியம் செய்ததே, அது எப்படி மறந்துபோயிற்று? ருதுராஜுக்குப் பதிலாக ஆயுஷ் மாத்ரே என்ற 17 வயதுப் பையனை 30 லட்சத்துக்குக் கூட்டி வந்தார்கள். பெங்களூருவில் 48 பந்தில் 94 அடித்தான். அந்த ஆட்டம் 2 ரன்னில் தோற்றோம், ஆனால் அன்றிரவு நான் தோற்ற மாதிரியே தூங்கவில்லை. டெவால்ட் பிரேவிஸ் 2.20 கோடிக்கு வந்தார். உர்வில் படேலும் அப்படி நடுவில் சேர்ந்தவர்தான். கடைசி ஆட்டத்தில் அகமதாபாத் போய் 230 அடித்து குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தோம். தேடிக் கண்டுபிடித்தால் மலிவு, மற்ற ஒன்பது பேருக்கு முன்னால் கையைத் தூக்கினால் விலை. மேட்டுத்தெரு வியாபாரிக்குக்கூட இது தெரியும்.

இளைஞர்களை எடுத்தது சரி. எடுத்த விதத்தில் பதற்றம் தெரிகிறது. கூடவே இரண்டு கோடிக்கு அகீல் ஹொசைனையும் எடுத்திருக்கிறார்கள். அவரும் இடது கை ஸ்பின்தான். பிரசாந்த் வீர் மேல் முழு நம்பிக்கை இருந்தால் அந்த இரண்டாவது குடை எதற்கு? ராகுல் சாஹருக்கு 5.20 கோடி. சஞ்சு, தோனி, உர்வில், கார்த்திக் என்று கீப்பர்கள் நாலு பேர். ஆனால் கடைசி நாலு ஓவர் யார் போடுவார்?

பதிரானாவை விட்டதைச் சொல்கிறேன். 2023-ல் 12 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்த பையன். போன வருஷம் சரியில்லை, ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல் கொடுத்தார், ஒத்துக்கொள்கிறேன். 13 கோடி அதிகம் என்று விட்டார்கள். கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. மாட் ஹென்றி நல்ல பந்துவீச்சாளர், புதுப் பந்தில். நேதன் எல்லிஸ் இருக்கிறார், அவர் காலில் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மே மாதம் தெரிந்துவிடும்.

உள்ளூர்ப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறேன், ஒவ்வொரு வருஷமும் "சார் பழைய ரெக்கார்டு" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 2010, 2011 கோப்பைகளில் முரளி விஜய், பத்ரிநாத், அஸ்வின் எல்லாம் இருந்தார்கள். இன்றைக்கு? போன சீசனில் 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய சாய் சுதர்சன் நம்ம சென்னைப் பையன், ஆடுவது குஜராத்துக்கு. 2023 இறுதியாட்டத்தில் நமக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தவர். வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். சேலத்து நடராஜன் டெல்லியில். சாய் கிஷோரை இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்து ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் அனுப்பினோம். ஜெகதீசனை 2022 நவம்பரில் விட்டோம். அதே மாதம் விஜய் ஹசாரேயில் வரிசையாக ஐந்து சதம், ஐந்தாவதில் 277 ரன். ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு ரன்னை ஒரே இன்னிங்ஸில் உலகத்தில் யாரும் அடித்ததில்லை! இந்த வருஷம் ஆந்த்ரே சித்தார்த்தையும் விட்டுவிட்டார்கள். 30 லட்சம்தான் அவர் சம்பளம். மிச்சம் இருப்பது தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடும் குர்ஜப்நீத் சிங்.

ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்ட அணி ஊர்ப் பிள்ளைகளையே நிரப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோனி ராஞ்சி, ரெய்னா உத்தரப் பிரதேசம், பிராவோ டிரினிடாட். அவர்களை நாம் வெளியூர் ஆள் என்றா நினைத்தோம்? நான் கேட்பது வேறு. வேறு மாநிலத்து 19 வயதுப் பையனின் திறமை அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது, பக்கத்துத் தெருப் பையனுடையது மற்ற அணி எடுத்த பிறகுதான் தெரிகிறது. அது எப்படி?

இனி ஜடேஜாவிடம் திரும்புகிறேன். இதுவரை எழுதியது வாதம். இனி எழுதப்போவது கொஞ்சம் வீட்டு விஷயம்.

2012-ல் இரண்டு மில்லியன் டாலருக்கு அவரை வாங்கியபோது இதே மாதிரிதான் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பிறகு சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவராக பிராவோவையே தாண்டினார். 2022-ல் கேப்டன் பொறுப்பைக் கொடுத்தார்கள். எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி, திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷமே போய்விடுவார் என்று பேசினார்கள். போகவில்லை. மறு வருஷம் அகமதாபாத்தில் மழை நின்று நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி, இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோஹித் சர்மா போடுகிறார். ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிக்கொண்டு நின்றார். எங்கள் தெருவில் அந்நேரத்துக்கு வெடி போட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த பேரனை எழுப்பிக் காட்டினேன். அந்த 8-ஆம் நம்பர் ஜெர்சி அந்த வாரம் வாங்கியதன் வாரிசு. அவன் வளர வளர மூன்றாவது ஜெர்சி இது.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஜடேஜா அவுட் ஆனபோது சேப்பாக்கம் கைதட்டியது. அடுத்து தோனி இறங்குவார் என்பதற்காக. சொந்த அணிக்காரன் விக்கெட் விழுந்ததற்குச் சொந்த ரசிகர்கள் ஆரவாரம்! நானும் ஒருமுறை கேலரியில் இருந்து தட்டியிருக்கிறேன். 2024-ல் கொல்கத்தா ஆட்டத்தில் அவர் தோனிக்கு முன்னால் இறங்குவது போல இரண்டு அடி எடுத்துவைத்துத் திரும்பிப் போய் எல்லோரையும் சிரிக்க வைத்தார், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கிண்டலுக்குள் என்ன இருந்தது என்று நவம்பர் 15-க்குப் பிறகுதான் யோசித்தேன். இன்று அவருக்காக அழுகிறவர்களில் எத்தனை பேர் அன்று தட்டியவர்கள்?

தோனியைப் பற்றி எழுதினால் கமெண்டில் என்னை உதைப்பீர்கள். பரவாயில்லை. 44 வயது. 2023-ல் அந்தக் கோப்பையோடு போயிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பெங்களூருக்கு எதிராக 197 தேவைப்பட்ட ஆட்டத்தில் ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தார். அழகாகத்தான் இருந்தது. ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது.

இது அவர் மேல் உள்ள குறை இல்லை, எனக்குத் தெரிந்த வியாதி. நான் 2019 மே 31-ல் ஓய்வு பெற்றேன், 58 வயதில். மறு வருஷமே 59 ஆக்கினார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். ஜூனில் பள்ளி திறந்ததும் "சும்மா உதவிக்கு" என்று தினமும் போனேன். என் பத்தாம் வகுப்பை ஒரு இளம் ஆசிரியை எடுத்திருந்தார். நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். பிள்ளைகள் சந்தேகத்தை அவரிடம் கேட்காமல் திரும்பி என்னிடம் கேட்பார்கள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. தலைமையாசிரியர் காபி கொடுத்தார், வராதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அந்த ஆசிரியை மிக மரியாதையாக, "சார், நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். நல்லவேளை, ஜூலை முதல் தேதி அத்தி வரதர் தரிசனம் ஆரம்பித்துவிட்டது. ஊரே கூட்டம், தெருவெல்லாம் தடுப்பு. "கூட்டத்தில் வர முடியவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் கழித்து வரதர் மறுபடி குளத்துக்குள் போனார், நான் மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. எல்லோருக்கும் அப்படி ஒரு சாக்கு கிடைப்பதில்லை.

பாஸ்டனில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி இந்த டிரேடு செய்தி வந்ததும் போன் செய்து ஒரு கதை சொன்னாள். அங்கே பேஸ்பால் அணி ரெட் சாக்ஸ். 1918-ல் கோப்பை வென்ற அணி. அடுத்த வருஷ முடிவில் பேப் ரூத் என்ற தங்கள் நட்சத்திரத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு 2004 வரை கோப்பை இல்லை. 86 வருஷம். அதைச் சாபம் என்று தாத்தா பேரனுக்குச் சொல்லி வளர்ப்பார்களாம். சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மோசமாக அணி அமைத்தார்கள், தோற்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒரு ஆட்டக்காரனை அனுப்பியதை ஒரு ஊர் எண்பது வருஷம் மறக்கவில்லை.

எனக்கும் முப்பது வருஷமாக மறக்காத ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை சுற்று.

1994. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் விளையாட்டு வாத்தியார் இடம் காலி. கிரிக்கெட் பிடிக்கும் என்ற குற்றத்துக்காக அணி என் தலையில் விழுந்தது. அதில் ஒரு பையன், பிள்ளையார்பாளையம், நெசவாளர் வீடு. விடியற்காலை அப்பாவுக்குத் தறியில் கோர்வை போட்டுக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருவான். வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன், காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோத்து வருகிறதே, அதற்கு நெசவாளர் ஒரு பக்கம், கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை இன்னொரு பக்கம். அந்த இன்னொரு கை இவன். இடது கை. அதே கையால் ஸ்பின் போடுவான். மூன்று வருஷம் எங்கள் அணிக்கு அவன்தான் முதுகெலும்பு. மேட் இல்லாத மண் தரையில் அவன் பந்து திரும்பும் அழகைப் பார்க்க, சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள்.

நான்காவது வருஷம் செங்கல்பட்டிலிருந்து மாற்றலாகி ஒரு பையன் வந்தான். உயரம், நல்ல பேட்டிங், கொஞ்சம் பந்தும் போடுவான். மண்டல அளவில் முக்கியமான ஆட்டம். எதிரணியில் இடது கை பேட்ஸ்மேன்கள் அதிகம். நான் கணக்குப் போட்டேன். புதுப் பையன் உள்ளே, இவன் வெளியே. முதல் நாள் சாயங்காலம் பதினோரு பேர் பட்டியலை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

ஆட்டத்தை இரண்டு விக்கெட்டில் ஜெயித்தோம். புதுப் பையன்தான் ஜெயித்துக் கொடுத்தான். என் கணக்கு சரி. இவன் அன்று மைதானத்துக்கு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துத் தறியில் உட்கார்ந்துவிட்டான். நான் அணியில் எடுக்காததால் படிப்பு நின்றது என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தறி காத்திருந்தது. ஆனாலும் அந்த வருஷம் அவனிடம் இருந்த ஒரே சந்தோஷம் எது என்று எனக்குத் தெரியும், அதை நான் ஒரு கால் தாள் காகிதத்தில் முடித்தேன்.

2014-ல் மகள் கல்யாணத்துக்குப் புடவை நெய்யச் சொல்லி அவன் வீட்டுக்கே போனேன். அரக்கு உடல், மயில் கழுத்துக் கரை. நெய்து முடித்த அன்று முந்தானையை விரித்துக் காட்டினான். உடம்பின் பாவு முடிகிற இடத்தில் முந்தானையின் வேறு நிறப் பாவை இழை இழையாகப் பிணைத்திருந்தான், விரலால் தடவினால்தான் தெரிகிறது. காபி வந்தது. அப்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், அன்னைக்கு லிஸ்டு ஒட்டறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானே தண்ணிக் குடம் தூக்கிட்டு வந்திருப்பேன் சார்."

இருபது வருஷம் கழித்து. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மீதி எவ்வளவு தரணும்பா?" என்று கேட்டேன்.

அந்தப் பிணைப்பை நினைத்துத்தான் இந்த ஏலத்தைப் பார்த்தேன். புதுப் பாவை ஓட விட வேண்டுமென்றால் பழைய பாவின் நுனியைத் தறியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இழையாக அதோடு முறுக்குவார்கள். முழுசாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் விழுதிலும் அச்சிலும் மறுபடி ஒவ்வொரு இழையாகக் கோக்க வேண்டும், நாள் கணக்கில் ஆகும். பிரசாந்த் வீர் என்ற இருபது வயதுப் பையனுக்கு ஒரே ஒரு வருஷம் ஜடேஜா பக்கத்தில் நெட்டில் நிற்கக் கிடைத்திருந்தால்? சேப்பாக்கம் பிட்சில் எந்த வேகம், எந்த முனை, காற்று எந்தப் பக்கம் என்று அவர் பதிமூன்று வருஷம் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் இப்போது ஜெய்ப்பூருக்குப் போய்விட்டது. சொல்லிக் கொடுக்க அஸ்வினாவது இருந்தாரா? அவரும் ஆகஸ்டில் ஐபிஎல்லை முடித்துக்கொண்டார். 18 கோடிக்கு ஜடேஜாவை வைத்துக்கொண்டு சஞ்சுவும் வேண்டுமென்றால் ராஜஸ்தான் வேறு யாரைக் கேட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நடக்க முடியாததைத்தான் ஆசைப்படுகிறேன். இருந்தாலும் ஆசை அதுதான்.

ரெய்னாவையும் இப்படித்தான் விட்டோம். 2022 ஏலத்தில் அவர் பெயரை வாசித்தார்கள், யாரும் கை தூக்கவில்லை, நம்ம மேஜையும் தூக்கவில்லை. அதை ஒப்பிட்டால் ஜடேஜாவுக்கு நடந்தது எவ்வளவோ மேல். காசி விஸ்வநாதன் வீடியோவில் வந்து ஏன் இந்த முடிவு என்று விளக்கினார். நோட்டீஸ் போர்டைவிட அது பெரிது. நான் செய்யாததை அவர்கள் செய்திருக்கிறார்கள், அந்த மட்டுக்கும் மரியாதை.

ஆக, பிள்ளைகளே, என் மதிப்பெண் பட்டியல்: சஞ்சுவுக்கு முழு மார்க். 28.40 கோடிக்குப் பாதி மார்க், வழி தவறு, விடை சரியாக வரலாம். பதிரானா, பாஸ் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள், விடைத்தாளே கொடுக்கவில்லை. மறுகூட்டல் வேண்டுவோர் கமெண்டில் விண்ணப்பிக்கலாம்.

அந்த இடது கைப் பையனுக்கு இப்போது நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். பெயர் சொல்ல மாட்டேன். ஃபேஸ்புக்கில் இருக்கிறான். என் பதிவு எல்லாவற்றுக்கும் கைகூப்புகிற படம் போடுவான், வேறு ஒரு வார்த்தை எழுத மாட்டான். இதையும் படிப்பான்.

அப்பா, அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. 2014-ல் உன் வீட்டுத் திண்ணையிலாவது சொல்லியிருக்கலாம், அப்போதும் விலை பேசிக்கொண்டு எழுந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

சீசன் அட்டவணை இன்னும் வரவில்லை. ராஜஸ்தானோடு சேப்பாக்கத்தில் ஆட்டம் இருந்தால் மூன்று டிக்கெட் எடுக்கச் சொல்லி மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று பேரனுக்கு. அவன் அந்த 8-ஆம் நம்பர் ஜெர்சியைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்கிறான், போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது டிக்கெட் உனக்கு. அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வர முடியுமா என்று சொல். கமெண்டில் வேண்டாம், போன் பண்ணு. நம்பர் பழையதுதான்.